அத்தியாயம் 14: நாலாம் கல்லுக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, மருமகளுக்கு முன்னால் புட்டையும் அவித்த ஏத்தன் வாழைப்பழத்தையும் வைத்துவிட்டு, கோமளவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். சிவப்ரியா இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. அவள் லேப்டாப்பில் வேலை செய்கிற மேஜைக்கு முன்னால் மாமியார் இப்படி உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. உட்கார்ந்தால் பேச வேண்டியிருக்கும். பேசினால், "நாள் முழுக்க அந்தப் பெட்டியில அப்படி என்னதான் இருக்கு மக்ளே" என்பதில்தான் போய் முடியும்.

இன்றைக்கு அந்தப் பெட்டிக்குள் இருந்தது கோமளவல்லியின் வயல்.

ஞாயிற்றுக்கிழமை விழுந்த இடியில் அவள் மகன் ரதீஷின் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனதும், அதோடு 'ஓடுத படம்' நின்றுபோனதும் போன வாரம் வாசித்தவர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம். ரதீஷ் இன்ஜினியரிங் படித்த காலத்தில் ஜாவா மொழியில் எழுதிய, இன்டர்நெட் உலாவிக்குள் ஓடும் சின்ன அப்ளெட் அது. நெடுங்குளம் சானலைப் படமாகப் போட்டு, ஷட்டரை எத்தனை மணி நேரம் திறந்தால் தண்ணீர் எது வரை போய்ச் சேரும் என்பதை நீல நிறத்தில் ஓடவிட்டுக் காட்டும். அதனால் ஊரில் அதற்கு ஓடுத படம் என்று பெயர் வந்துவிட்டது.

படத்துக்கு உயிர் கொடுத்தது ரதீஷின் அப்பா கைலாசநாதன். பாசன சபைத் தலைவர். சானல் கரையில் ஏழு அளவுகற்கள் உண்டு. காலையும் மாலையும் சைக்கிளில் போய் ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டிக் கணினியில் ஏற்றுவார். பதினெட்டு வருஷமாக இதில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்தபோதுகூட ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்த மனிதர்.

இந்த வருஷம் அணையில் தண்ணீர் குறைவு. கடைவரம்புக்கு வழக்கமாக நாலு நாள் விடுகிற முறைத் தண்ணீரை இரண்டு நாளாக்கலாமா என்று முடிவுசெய்ய, புதிதாக வந்திருக்கும் பொறியாளர் ரீத்தா பதினோரு மணிக்கு ஊருக்கு வருகிறார். நோட்டில் எழுதிய கணக்கைப் போன வாரமே காட்டியாயிற்று. அணைப் பக்கத்துத் தலைமடைக்காரர்களும் ஒரு நோட்டு கொண்டுவந்து காட்டினார்கள். எதை நம்புவது என்று அந்த அம்மா மரியாதையாகத்தான் கேட்டார். படத்தைக் காட்டுங்கள், செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன் என்றார்.

கோமளவல்லியின் அம்மா வழியில் வந்த ஒரு ஏக்கர் இருபது சென்ட், ஏழாம் கல்லுக்கும் கீழே, சானல் முடிகிற கடைவரம்பில் கிடக்கிறது. நாற்றுக்கு இருபத்து நாலு நாள் ஆகிவிட்டது. இந்த வாரத்துக்குள் பிடுங்கி நட்டாக வேண்டும். இரண்டு நாள் தண்ணீரை நம்பி நட்டால் இந்தக் கன்னிப்பூப் பயிர் கருகும். நடாமல் விட்டால் நாற்று முற்றும். எப்படியும் நஷ்டம் அவளுக்குத்தான்.

படத்தை எழுதியவன் கத்தாரில், கடலுக்குள் நிற்கிற எண்ணெய்த் தளத்தில் இருக்கிறான். சாயங்காலம்தான் போன் எடுப்பான். கைலாசநாதனோ ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஒரு தினுசாக இருந்தார். "போட்டும், படம் இல்லாட்டா என்ன, வாயால சொல்லிப் பாப்போம்" என்றுவிட்டு விடியற்காலையிலேயே சைக்கிளை எடுத்துப் போய்விட்டார். படத்துக்கும் கணக்குக்கும் அவர் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருந்த பென் டிரைவ் பூஜை அலமாரியில் திருநீற்று மரக்கிண்ணத்துக்குள் கிடந்ததைத் தேடி எடுத்தவள் கோமளவல்லி. சாமிக்குப் பக்கத்தில் இருந்தால் கெட்டுப்போகாது என்பது அவர் எண்ணம். சிவப்ரியா அதன் வாயில் அடைத்திருந்த திருநீற்றை ஊதித் துடைத்து, வீட்டு லேப்டாப்பில் செருகினாள்.

முதலில் திறந்தபோது வெள்ளைப் பக்கம் வந்தது. நடுவில் ஒரு சாம்பல் கட்டம். அவ்வளவுதான்.

இப்போதைய உலாவிகளுக்கு அப்ளெட் என்றால் என்னவென்றே தெரியாது என்றாள் சிவப்ரியா. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விபினுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விபின் நல்ல பிள்ளைதான், அவசரக்காரன். ரொம்பப் பழைய ஜாவா ஒன்று இன்ன தளத்தில் கிடைக்கும், அதைப் போட்டு, பாதுகாப்பை அடிமட்டத்துக்கு இறக்கி, வைரஸ் காவலையும் நிறுத்திவிட்டால் அஞ்சு நிமிஷத்தில் ஓடும் என்றான். கோமளவல்லிக்கு அந்த அஞ்சு நிமிஷம் காதில் தேனாக விழுந்தது. சிவப்ரியா நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

"ஏன் மக்ளே, அவன் சொன்னதைச் செய்யப்பிடாதா?"

"மாமாவுக்க பென்ஷன், உங்க பேங்க் எல்லாம் இதிலதான் அத்தை இருக்கு. அவரு சொல்லுதது கரையையே வெட்டி விடுத வேலை. நமக்கு ஒரு மடை திறந்தாப் போதும்."

கோமளவல்லிக்கு ஜாவா தெரியாது. கரையை வெட்டினால் என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

உலாவிக்குள்ளேயே, பழைய பக்கங்களைப் பழைய முறையில் திறக்கிற வழி ஒன்று இருக்கிறதாம். அதைத் தேடிப் பிடித்தாள். ஜாவாவை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டாள். மறுபடியும் திறந்தாள். இந்தத் தடவை சாம்பல் கட்டம் போய், ஒரு பெட்டி எழுந்து நின்றது. சிவப்ரியா அதைத் தமிழில் சொன்னாள்: கணினியில் உள்ள இந்தச் செயலியை ஓடவிடாமல் உங்கள் பாதுகாப்பு அமைப்பு தடுத்துவிட்டது.

சொல்லிவிட்டு, நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அந்த ஆங்கில வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டாள். கோமளவல்லி கவனித்தாள். பெண் பதறவில்லை, தலையில் கை வைக்கவில்லை. என்ன சொல்லி மறுக்கிறது என்று முதலில் எழுதுகிறாள். அதற்கப்புறம் ஒரே ஒரு மாற்றம். அது பலிக்காவிட்டால் மாற்றினதைப் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். உப்பு குறைவா புளி கூடுதலா என்று தெரியாமல் இரண்டையும் அள்ளிப் போடுகிற கையில்லை இது என்று கோமளவல்லிக்குப் பட்டது. முப்பத்தைந்து வருஷம் சமையல் செய்தவளுக்கு ஒரு கையைப் பார்த்தால் தெரியாதா?

அவளுக்கு ஒரு சந்தேகம். நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஃபைலுக்கு ஏன் இத்தனை காவல்? இன்டர்நெட்டில் இருந்து வருவதற்குத்தானே பயப்பட வேண்டும்?

வீட்டுக்குள் கிடப்பதெல்லாம் நம்முடையது என்று சொல்ல முடியாது என்றாள் சிவப்ரியா. யாரோ ஒருவன் மெயிலில் அனுப்பி, நாம் தெரியாமல் இறக்கிவைத்ததும் வீட்டுக்குள்தான் கிடக்கும். திறந்ததும் அது அலமாரியை எல்லாம் துழாவினால் என்ன செய்வது? அதனால் எழுதியவனின் கையொப்பம் இல்லாத எதையும் ஜாவா நம்பாது.

"இவன் கையெழுத்துப் போடல்லியாக்கும்?"

"இல்லை அத்தை."

"அவனுக்கு அந்தப் புத்தி எப்பமும் கெடையாது" என்றாள் ரதீஷைப் பெற்றவள். சிவப்ரியா சிரித்துவிட்டாள். இரண்டு வருஷத்தில் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜாவாவின் அமைப்புக்குள் விலக்குப் பட்டியல் என்று ஒன்று இருந்தது. நான் பொறுப்பேற்கிறேன், இவர்களை மட்டும் விடு என்று நாம் எழுதிக்கொடுக்கிற இடம். கணினி முழுவதையும் எழுதாமல், படம் இருக்கிற அந்த ஒரு ஃபோல்டரின் முகவரியை மட்டும் சிவப்ரியா எழுதினாள். ஆபத்து, யோசித்துச் செய் என்று ஜாவா மறுபடி எச்சரித்தது. அவள் அதையும் முழுக்க வாசித்த பிறகே சரி என்றாள். உலாவியை மொத்தமாக மூடிவிட்டுத் திறந்தாள்.

படம் வந்தது.

கோமளவல்லி எழுந்து நின்றுவிட்டாள். அணைப் பக்கத்து ஷட்டர், ஏழு கற்கள், அரசமரம், கடைசியில் அவளுடைய வயல். மகன் வரைந்த கோடுகள் எல்லாம் இருந்தன. ஆனால் சானலில் நீலம் இல்லை. பங்குனி மாதத்துச் சானல் போலக் காய்ந்து கிடந்தது. கீழே சிவப்பில் ஒரு வரி: அனுமதி மறுக்கப்பட்டது.

மணி ஒன்பதே முக்கால். சிவப்ரியா அந்த வரியையும் தாளில் எழுதினாள்.

"படத்தை வீட்டுக்குள்ள விட்டாச்சு அத்தை. அலமாரியைத் திறக்க விடல்ல. மாமா ஏத்தி வச்ச கணக்கு வேற ஃபோல்டர்ல இருக்கு. அதை வாசிக்கதுக்குத் தனியா அனுமதி எழுதணும்."

எழுதினாள். மூன்றே வரி. இன்ன ஃபோல்டரில் இருக்கிற செயலி, இன்ன ஃபோல்டரை, வாசிக்க மட்டும் செய்யலாம். எழுதவோ அழிக்கவோ முடியாது. மாமாவின் பதினெட்டு வருஷம் இதற்குள் இருக்கிறது, வாசிப்பதற்கு மேல் யாருக்கும் உரிமை கொடுக்கக் கூடாது என்று அவளே மெல்லச் சொல்லிக்கொண்டாள். அந்தக் கணக்கை அவள் இத்தனை மதிப்பாள் என்று கோமளவல்லி எதிர்பார்த்திருக்கவில்லை. தான்கூட அதை அப்படி நினைத்ததில்லை என்பது சுருக்கென்று தைத்தது.

ஓடவில்லை. மறுபடியும் அதே சிவப்பு வரி. பத்து நிமிஷம் அந்த மூன்று வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள் சிவப்ரியா. முகவரியின் நடுவே சாய்கோடு வருகிற இடத்திலெல்லாம் இரண்டு சாய்கோடு போட வேண்டுமாம், ஒன்று போட்டிருந்தாள். தன் தவறுதான் என்று வாய்விட்டுச் சொல்லித் திருத்தினாள். சொந்தத் தவறை இத்தனை சாதாரணமாகச் சொல்கிறவர்கள் கோமளவல்லியின் பிறந்த வீட்டிலும் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை.

இந்தத் தடவை சிவப்பு வரி வரவில்லை. எந்தப் பருவம், எந்த ஆண்டு என்று படம் கேட்டது. கன்னிப்பூ என்று தேர்ந்தெடுத்து 2024 என்று அடித்தாள். கணக்கு இல்லை என்றது. மறுபடி அடித்தாள். இல்லை. காலையிலிருந்து முதல் தடவையாக அந்தப் பெண் பேனாவைக் கடித்தாள்.

"எல்லா அனுமதியும் சரியாத்தான் இருக்கு அத்தை. ஃபைலும் இருக்கு. ஏன்னு தெரியல்லை."

கோமளவல்லி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பால் கணக்கிலிருந்து பிள்ளையின் பிறந்த நாள் வரை அந்த மனிதர் எப்படி எழுதுவார் என்பது இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்குத் தெரியும்?

"ஆயிரத்து நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு போடு மக்ளே. ஒனக்க மாமாவுக்குக் கொல்லம் ஆண்டு தவிர வேற ஆண்டு கெடையாது."

சிவப்ரியா 1199 என்று அடித்தாள். ஷட்டரின் அடியிலிருந்து நீலம் ஒரு நூலாகக் கிளம்பி, முதல் கல்லைத் தொட்டு, அகன்று, வளைவில் திரும்பி ஓடியது. கோமளவல்லி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு நூலகக் கட்டடத்தில் முப்பது பேர் வரை கூடியிருந்தார்கள். கைலாசநாதன் அங்கே வந்து சேர்ந்தபோது மேஜைமேல் படம் தயாராக இருந்தது. அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓட வச்சிட்டியா மக்ளே" என்றார். சந்தோஷமாகச் சொல்ல வேண்டியதை ஏன் இப்படி இறங்கின குரலில் சொல்கிறார் என்று கோமளவல்லிக்கு விளங்கவில்லை.

தலைமடையில் நிலம் வைத்திருக்கும் மரியஜான், இரண்டு நாள் தாராளம், மீதி வீணாகக் கடலுக்குத்தான் போகிறது என்று பேசி முடித்தார். சிவப்ரியா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். நாற்பத்தெட்டு மணி நேரம் என்று போட்டு ஓடவிட்டாள். நீலம் ஏழாம் கல்லைத் தொட்டபோது முப்பத்தொரு மணி நேரம் கழிந்திருந்தது. மீதி இருந்த பதினேழு மணியில் கடைவரம்பின் பாதி வயல்கள்கூட நனையவில்லை. கோமளவல்லியின் ஒரு ஏக்கர் இருபது சென்ட் கடைசி வரை மஞ்சளாகவே கிடந்தது. பிறகு நாலு நாள் போட்டு ஓடவிட்டாள். அந்த மஞ்சள் மெல்ல மெல்ல நீலமானது. மரியஜானே முன்னால் வந்து, இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். நியாயஸ்தர்தான், பார்த்த பிறகு அவர் வாதாடவில்லை.

பொறியாளர் ரீத்தா எத்தனையோ கேட்டார். இந்த அளவெல்லாம் யார் எடுத்தது, எத்தனை நாளாக, நடுவில் விட்டுப்போனது உண்டா? ஒவ்வொன்றுக்கும் சிவப்ரியா மாமனாரின் கணக்கைத் திறந்து காட்டினாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அந்த அம்மாவுக்குப் பதில் சொல்லும்போது அவள் குரலில் இருந்த நிதானத்தைக் கேட்டுக் கோமளவல்லிக்குக் கண் நிறைந்தது. எங்க மருமவளாக்கும் என்று பக்கத்தில் நின்றவளிடம் தேவையில்லாமல் ஒரு தடவை சொன்னாள்.

நாலு நாள் என்று ரீத்தா எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர், படத்தை நோக்கித் திரும்பினார்.

"நாலாம் கல் வரைக்கும் நல்லா வருது. அஞ்சாம் கல்லுல திடீர்னு இளைச்சுப் போகுதே. நடுவில யாரும் எடுக்காங்களா?"

கூட்டம் கைலாசநாதனைப் பார்த்தது. "பாத்துச் சொல்லுகேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அடுத்த முறைத் தண்ணீருக்கு முன்னால் அந்த இழப்பு நிற்க வேண்டும், நானே வந்து கரையில் நடந்து பார்ப்பேன், நிற்காவிட்டால் கடைவரம்புக்கு இரண்டு நாள்தான் என்று சொல்லிவிட்டு ரீத்தா ஜீப்பில் ஏறினார்.

நாலாம் கல்லுக்கும் ஐந்தாம் கல்லுக்கும் நடுவே, சானல் கரையை ஒட்டி ஒரே ஒரு வாழை விளைதான் இருக்கிறது. அது யாருடையது என்று கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் கோமளவல்லி அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு, சிவப்ரியா மறுபடி லேப்டாப்பின் முன்னால் இருந்தாள். விலக்குப் பட்டியலில் காலையில் எழுதிய முகவரியை அழித்தாள். அந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டு, நாள்காட்டித் தாளை மடித்துப் பத்திரப்படுத்தினாள்.

"வேலை முடிஞ்சா மடையை அடைச்சிரணும் அத்தை. வேணும்போது திறந்துக்கலாம்" என்றாள்.

கோமளவல்லி பக்கத்தில் வந்து நின்றாள்.

"காலத்தே படம் ஓடும்போதே நீ அதைப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"அது எனக்க தம்பிக்க விளைன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் அந்த அம்மா கேட்டப்பம் நீ வாயைத் திறக்கல்ல? எங்கிட்டயும் சொல்லல்ல?"

சிவப்ரியா மாமியாரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தண்ணி குறையுதுன்னு காட்டுதது என் வேலை அத்தை. யாரு எடுத்தாங்கன்னு சொல்ல வேண்டியது நான் இல்லை."

இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு மரியாதையை யாரும் கொடுத்ததில்லை என்று கோமளவல்லி நினைத்தாள். சந்தோஷமாகவும் இருந்தது, தாங்க முடியாமலும் இருந்தது.

"எத்தனை நாளா இது நடக்கு?"

சிவப்ரியா கணக்கைத் திறந்து காட்டினாள். இந்தப் பருவத்தில் விட்ட மூன்று முறையிலும், இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்தாம் கல்லில் மட்டும் தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. மூன்று தடவையும் அதை ஒரு இலக்கம் மாற்றாமல் ஏற்றியிருந்தது கைலாசநாதனின் ஒற்றை விரல்.

அப்படியானால் அவருக்கு முதலிலேயே தெரியும். தெரிந்தும் கணக்கில் பொய் எழுதவில்லை. தெரிந்தும் மனைவியிடம் சொல்லவில்லை. காலையில் போட்டும், படம் இல்லாட்டா என்ன என்று சொன்னது இதற்குத்தானா? மைத்துனனைக் காப்பாற்றவா, மனைவியின் முகத்தைக் காப்பாற்றவா? கோமளவல்லி பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதர் தலை நிமிரவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"யக்கோ, நாலு நாளுன்னு எழுதித் தந்தாச்சாமே. மருமவ கொள்ளாம், கெட்டிக்காரின்னு ஊரு முழுக்கப் பேச்சு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான் தம்பி பகவதியப்பன். தோளில் ஒரு ஏத்தன் குலை. இந்த வறட்சியிலும் ஒவ்வொரு காயும் கை அளவு தண்டியாகப் பருத்திருந்தது. மாதம் ஒரு குலை அக்காளுக்கு என்பது அவன் தவறவிடாத வழக்கம். காலையில் மருமகளுக்கு அவித்து வைத்ததும் அவன் தந்த பழம்தான்.

குலையை இறக்கி வைக்க அவன் குனிந்தான்.

"கீழ வைக்காத" என்றாள் கோமளவல்லி. "அதைத் தூக்கிட்டு எங்கூட அஞ்சாம் கல்லுக்கு வா."